அத்தையின் சவுரி

மகளுக்குக் கல்யாண வரவேற்பு அலங்காரம் பார்க்கக் காரைக்கால் கடைத்தெரு பார்லருக்குப் போயிருந்தோம். ஏதோ ஒரு நடிகை விருது விழாவுக்கு அந்தக்கால பாணியில் பெரிய கொண்டை போட்டு வந்தாளாம். அதே வேண்டும் என்று மகள் செல்போனில் படத்தைக் காட்டினாள். பார்லர் பெண் ஒரு டப்பாவைத் திறந்து பொய்முடியை எடுத்து உதறினாள். கழுவாத தலையின் எண்ணெய்ச் சிக்கு வாடை குப்பென்று வந்தது. 

நான் இரண்டாவது படித்தபோது, தருமபுரம் வீட்டில் அம்மாவுக்கு டைபாய்டு வந்து முடியெல்லாம் கொட்டிப்போனது. உதிர்ந்த முடியைச் சேர்த்துச் சவுரி கட்டுவது அப்போது எல்லா வீட்டிலும் வழக்கம்தான். ஆனால் அப்பாவின் தங்கை, காய்ச்சல் வியர்வையில் தலையணையோடு ஒட்டிக் கிடந்ததைக்கூட விடவில்லை. பொறுக்கிச் சுருட்டிப் பவுடர் டப்பாவில் அடைத்து வைத்தாள்.

ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அத்தை அந்த முடியில் கட்டிய சவுரியோடு வந்து, தலையில் துண்டு சுற்றியிருந்த அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

“அண்ணி, சினிமாக்காரி மாதிரி பெருசா கொண்டை போட்டு விடுங்க. உங்க கை பட்டாத்தான் நிக்கும்.”

அம்மா போட்டுவிட்டாள். பிறகு கொல்லைக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

“இது யாரு முடிம்மா?” என்று பார்லர் பெண்ணைக் கேட்டேன்.

“அதெல்லாம் யாரும்மா கேக்குறாங்க? ஒரிஜினல் முடிதான். செத்த புடிச்சுக்குங்க” என்று என் கையில் வைத்தாள்.

“சோப்பு எங்க இருக்கு?” என்றேன்.