மிஞ்சிய லீவும் பூட்டிய வீடும்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் ஒருவரையொருவர் சுகம் விசாரிப்பதில்லை. எவ்வளவு லீவு மிஞ்சியிருக்கிறது என்றுதான் விசாரிப்போம். வருடத்தோடு காலாவதியாகிற லீவைச் சும்மா விட்டுக்கொடுக்க ஊர்காவற்றுறையில் எந்த அரசாங்க ஊழியருக்கும் மனம் வராது. நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடையில் வந்து பார்த்தால் மேசைகளும் காவலாளியும்தான் மிச்சம். காவலாளியும் பாதி நேரம் தேத்தண்ணிக் கடையில்தான் நிற்பார்.

போன வருடக் கடைசியில் மிஞ்சியதை எல்லாம் ஒன்றாக எடுத்துக்கொண்டு நானும் வீட்டுக்கு வந்தேன். என்னிடம் இரண்டு திட்டங்கள் இருந்தன. ஒன்று, ஆசைதீர ஓய்வெடுப்பது. மற்றது, தை மாதம் வரவிருந்த சிங்கள வாய்மொழிப் பரீட்சைக்குப் படிப்பது. அரசாங்க வேலையில் இரண்டாம் மொழி சித்தியடையாவிட்டால் பதவி உயர்வு இல்லை. எழுத்துப் பரீட்சையை எப்போதோ தட்டுத்தடுமாறித் தாண்டிவிட்டேன். வாய்தான் திறக்கவில்லை. என்னிடம் வேலை பழகிய பிள்ளை இப்போது என் லீவுக் கடிதத்தில் கையெழுத்து வைக்கிறார். மரியாதையான பிள்ளை, ஒவ்வொரு முறையும் எழுந்து நின்றுதான் வைப்பார். அதுதான் இன்னும் பொறுக்க முடியாதது.

முந்தைய தடவை 'எனது கிராமம்' என்பதைப் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். பரீட்சகர் இன்று எப்படி வந்தீர்கள் என்று கேட்டார். எங்கள் கிராமத்தில் ஒரு கோயிலும் ஒரு குளமும் உண்டு என்றேன். பஸ்ஸிலா என்று அவர் எடுத்துக் கொடுத்தார். சுற்றிவரப் பனைமரங்கள் நிற்கின்றன என்று மிச்சத்தையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

இந்த முறை முறையாகப் படிப்பதென்று முடிவெடுத்த அன்றே கொழும்பிலிருந்து என் கணவரின் தங்கை குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்து இறங்கினாள். காலையில் சாட்டிக் கடற்கரை, மத்தியானம் கூழ், பின்னேரம் யார் வீட்டுக்கோ விருந்து. வந்தவர்கள் இருக்கும்போது புத்தகம் விரித்தால் அவர்களை எழும்பிப் போகச் சொன்ன மாதிரி. குசினியில் நின்று நண்டு உடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் சுவரில் தொங்கிய திறப்புகள் கண்ணில் பட்டன.

எங்கள் ஊரான புளியங்கூடலில் வெளிநாடு போனவர்களின் வீடுகள் பூட்டிக் கிடக்கும், திறப்புகள் போகாதவர்களின் ஆணிகளில் தொங்கும். எங்கள் ஆணியில் தொங்குவதில் ஒன்று, இரண்டு வளவு தள்ளி, சொந்தமில்லாவிட்டாலும் நான் அக்கா என்று கூப்பிடுபவரின் வீட்டுத் திறப்பு. அக்கா லண்டனில். கணவர் காலமாகிவிட்டார், மகனோடு இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் நான் போய் யன்னல்களைத் திறந்து, கூட்டி, சாமி விளக்கு வைத்துவிட்டு வருவேன். விறாந்தையில் மகன் ஒரு கமரா பூட்டியிருப்பது ஊருக்கே தெரியும். அந்தக் கேற்றைத் தாண்டும்போது எல்லோரும் தலைமயிரைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்வார்கள்.

கூட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லி, புத்தகத்தைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு போனேன். வெள்ளிக்கிழமையில்லையே என்று கேட்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. வீடு அமைதியாக இருந்தது. நடு அறையில் அக்காவின் சாய்மனைக் கதிரை. படிப்பதற்கு முன் கொஞ்சம் ஓய்வு என்று சாய்ந்தேன். என் இரண்டு திட்டங்களில் ஒன்று உடனடியாக நிறைவேறியது.

"பிள்ளை, படிக்க வந்தனீரோ படுக்க வந்தனீரோ?"

துடித்துப் பதைத்து எழும்பினேன். அறையில் ஒருவருமில்லை. குரல் அலுமாரிக்கு மேலே பிள்ளையார் இருந்த பக்கத்திலிருந்து வந்தது. நான் கும்பிட்டேன். வேறென்ன செய்வது?

"பயப்பிடாதையும், நான்தான், லண்டன் அக்கா. பிள்ளையாருக்குப் பக்கத்திலை ஒரு வெள்ளைச் சாமான் இருக்கெல்லோ, அதிலை உள்ள சந்தனத்தை ஒருக்கால் துடைச்சுவிடும். உம்மடை காலும் கீழை விழுந்த புத்தகமும் மட்டும்தான் தெரியுது."

அந்த வெள்ளைச் சாமானை நான் வெளிநாட்டுச் சாமி விளக்கு என்றுதான் நினைத்திருந்தேன். உருண்டையாக, சின்ன நீல வெளிச்சத்தோடு, பிள்ளையாருக்குப் பக்கத்தில் பவ்வியமாக இருந்தால் யார்தான் பேசுகிற கமரா என்று நினைப்பார்கள்? பிள்ளையாருக்குப் பொட்டு வைத்த கையோடு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதற்கும் நல்ல தடிப்பாக ஒரு பொட்டு வைத்துவந்தேன். சந்தனம் காய்ந்து உதிர்ந்தால் மட்டும் லண்டனில் வீடு தெரியும். உதிர்ந்து முடிய மறுபடி வெள்ளி வந்துவிடும். கமரா பழுது என்று மகன் அதை வாங்கிய கடைக்காரனோடு சண்டையே பிடித்துவிட்டாராம்.

முந்தானையால் துடைத்தேன். கன்னத்தில் கதிரைப் பிரம்பின் அடையாளத்தோடு அக்காவின் முன்னால் நின்றேன். வெட்கத்தில் பரீட்சை, எழுத்து, வாய்மொழி, பனைமரங்கள் எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டேன். அக்கா நெடுநேரம் சிரித்தார். பிறகு சிங்களத்தில் ஏதோ சொன்னார். சரளமாக, சந்தையில் நின்று கதைப்பதைப் போல.

அக்காவின் தகப்பனுக்குத் தெற்கில் ஒரு பட்டினத்தில் பலசரக்குக் கடை இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. கடைக்கு மேல்வீட்டில்தான் அக்கா வளர்ந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கல்லாவடியில்தான் இருப்பாராம். கலவரத்தில் கடை எரிந்த பிறகு ஊருக்கு வந்து, ஊரிலிருந்து லண்டனுக்குப் போனவர். அதற்குப் பிறகு அந்தப் பாஷையைப் பேச ஆளில்லை என்றார்.

அடுத்த நாளிலிருந்து என் லீவு அக்காவின் கடையில் கழிந்தது. இங்கே மத்தியானம், அங்கே காலை. மகன் வேலைக்குப் போனதும் அக்கா போனைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். எனது கிராமத்தைத் தூக்கி எறியச் சொன்னார். நான் கடை முதலாளி, அவர் சாமான் வாங்க வரும் சனம். ஒரு நாள் கருவாடு வாங்க வந்த கிழவி, ஒரு நாள் குடித்துவிட்டு வந்த மேசன், ஒரு நாள் எதிர்க்கடைப் பேக்கரி ஐயா, சிங்களத்தில் மாத்தையா. தனக்கு ஒரு சொல் மறந்துபோனால் அக்கா அதன் முதல் எழுத்தையே திரும்பத் திரும்பச் சொல்லித் தேடுவார். பிறகு அது திரும்பி வந்துவிட்டால் அவருக்கு வரும் சந்தோசம் எனக்குப் பொறாமையாக இருக்கும். எதிர் பேக்கரியின் பாண் வாசம் படிக்கட்டால் ஏறி வருவதை ஒரு நாள் சிங்களத்திலேயே சொன்னார். எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியது என்பதே பிறகுதான் எனக்கு உறைத்தது.

இடையில் ஒரு நாள் என்னைத் தேடி வந்த கணவர் யன்னலால் எட்டிப் பார்த்திருக்கிறார். அலுமாரிக்கு முன்னால் நின்று, இன்றைக்கு வந்த புதுக் கருவாடு, மணந்து பாருங்கள் என்று நான் பிள்ளையாரிடம் சிங்களத்தில் கையை நீட்டிக்கொண்டிருந்தேன். அவர் கூப்பிடாமலே திரும்பிப் போய்விட்டார். அன்று பின்னேரம் தானே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார்.

"ஏலாட்டி விடும். பதவி உயர்வு ஒண்டும் பெரிசில்லை" என்றார்.

கலியாணம் கட்டியதிலிருந்து அவர் ஊற்றித்தந்த முதல் தேத்தண்ணி அது. ஆகையால் நான் உடனே உண்மையைச் சொல்லவில்லை.

தையில் யாழ்ப்பாணம் போனேன். பரீட்சகர் புது ஆள். தெற்கிலிருந்து வந்த ஒருவர் வழிதவறி உங்கள் அலுவலகத்துக்கு வந்தால் என்ன சொல்வீர்கள் என்றார். அக்காவின் கடைக்குள் ஒருவர் ஏறி வந்த மாதிரி இருந்தது எனக்கு. வாருங்கள், இருங்கள், வெயிலுக்குள் வந்திருக்கிறீர்கள், முதலில் தண்ணீர் குடியுங்கள் என்று தொடங்கினேன். பிறகு நிறுத்தத் தெரியவில்லை. நயினாதீவுக்குப் படகு எங்கே பிடிப்பது, திரும்பிப் போகும்போது நல்ல கருவாடு எங்கே வாங்குவது என்பதுவரை போய்விட்டேன். அவர் பேனையை வைத்துவிட்டு, உங்களுக்கு எந்த ஊரில் கடை இருந்தது என்று கேட்டார். எனக்கில்லை, என் அக்காவுக்கு இருந்தது என்றேன். எழும்பி வரும்போது பழக்கதோசத்தில், போய்விட்டு வாருங்கள் மாத்தையா என்று அவரை வழியனுப்பி வைத்தேன். அவரும் வருகிறேன் என்றார்.

முடிவு வந்தது, சித்தியடைந்திருந்தேன். அலுவலகத்தில் அந்தப் பிள்ளை எழுந்து நின்று கை கொடுத்தார். அன்று அது எனக்குப் பொறுத்துக்கொள்ளக் கூடியதாக இருந்தது. பின்னேரம் நேரே அக்கா வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் அலுமாரிக்கு முன்னால் நின்று சொன்னேன்.

அக்கா சந்தோசப்பட்டார். நல்லாயிரும் பிள்ளை என்றார். லண்டனில் எங்கோ ஒரு குழாய் ஒழுகும் சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு, கேள்வியாக இல்லாமல், "அப்ப இனி வரமாட்டீர்" என்றார்.

சாய்மனைக் கதிரையைப் பார்த்தேன். பிள்ளையாரைப் பார்த்தேன்.

"எழுத்துப் பரீட்சை இருக்கு அக்கா" என்றேன்.

அதை எப்போதோ தாண்டிவிட்டேன் என்று முதல் நாளே நான் சொன்னது அவருக்கு நன்றாகத் தெரியும். லண்டனில் அந்தக் குழாயை இறுக்கிப் பூட்டும் சத்தம் கேட்டது.

"ஓம், எழுத்துக் கஷ்டம்தான்" என்றார் அக்கா. "நாளைக்கு வாரும், துவங்குவம். சந்தனத்தைப் பிள்ளையாருக்கு மட்டும் வையும்."