பனிமலை பூட்ஸும் என் போணியும்

யாங்கோன் நகரத்து லத்தா பகுதியில் எங்கள் கடைக்கு ஜப்பானிலிருந்து பழைய சாமான்கள் மூட்டை மூட்டையாக வரும். பெரும்பாலும் செருப்பு, ஷூ, பை. ஒருநாள் மூட்டையைப் பிரித்தபோது அடியில் ஒரு ஜோடி பிளாஸ்டிக் பூட்ஸ் கிடந்தது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை உயரம். பார்த்தால் இரும்பு மாதிரி, கையில் தூக்கினால் கனமே இல்லை. யாங்கோன் வெயிலில் இதை எவன் வாங்குவான் என்று எரிச்சலாக வந்தது.

ஃபோனில் வீடியோ தேடிப் பார்த்தேன். சறுக்குப் பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு, பனிமலையில் முதலில் நடந்தே ஏறி, பிறகு சறுக்கி இறங்குகிறவர்களுக்கான பூட்ஸாம். குதிகாலுக்கு மேலே, பின்பக்கம் ஒரு லீவர். அதை மேலே தூக்கிவிட்டால் கணுக்கால் முன்னும் பின்னும் தாராளமாக ஆடும், அது ஏறுவதற்கு. கீழே அழுத்திப் பூட்டினால் கால் அசையாது, அது இறங்குவதற்கு. லேசான பூட்ஸ் ஏறும்போது சுகம், ஆனால் இறங்கும்போது கனமான பூட்ஸ் அளவுக்குப் பிடிமானம் தராது என்று ஒருவர் விளக்கினார்.

பனிமலைக்கு நான் எங்கே போவது? எங்கள் கட்டடத்துக்கு ஆறு மாடி, செங்குத்தான படி, லிஃப்ட் கிடையாது. அது போதும் என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பூட்ஸை மாட்டினேன். என் பாதம் சின்னது, எப்படியோ நுழைந்துவிட்டது. மூன்றாம் மாடி பர்மாக்கார அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். சிரிக்கட்டும். ஏறுவது உண்மையிலேயே சுகமாக இருந்தது.

மேலே போய் லீவரைப் பூட்டிக்கொண்டு இறங்கினேன். நாலு படி தாண்டவில்லை, இடது கால் பூட்டு டக்கென்று கழன்றது. மறுபடி பூட்டினேன், மறுபடி கழன்றது. ஐந்தாம் மாடி திருப்பத்தில் பொத்தென்று உட்கார்ந்தேன். கழற்றிப் பார்த்தால் உள்ளே பூட்டின் பல் தேய்ந்திருந்தது. துடைத்து, எண்ணெய் போட்டு, பளபளவென்று கடை வாசலில் வைத்தேன். வாங்க வருகிறவரிடம் குறையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படித்தான் இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் காலை கடை திறந்ததும் முதல் ஆளாக, யாங்கோனிலேயே கிழக்கே இருக்கும் தாகேதாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். தமிழ்ப் பெண்தான், ஆனால் தமிழ் தடுக்கித் தடுக்கி வந்தது. ஜப்பானில் ஒரு பனிமலை விடுதியில் வேலை கிடைத்திருக்கிறதாம். முன்பே அங்கே போய்விட்ட தோழியிடம் பழைய சறுக்குப் பலகைகள் இருக்கின்றனவாம். பூட்ஸ் மட்டும் வாங்கி வந்தால் லீவு நாளில் மலை ஏறலாம் என்றாளாம். ஜப்பானில் கழித்துக் கட்டியதை ஜப்பானுக்கே கொண்டுபோக வந்திருந்தாள். கால் கச்சிதமாகப் பொருந்தியது.

"அண்ணே, ஏறத்துக்கு லேசா இருக்கும்போல. எறங்கத்துக்கு யாலா?" என்றாள், சரிப்படுமா என்பதற்குப் பர்மியச் சொல்லைப் போட்டு.

அது போணி நேரம். முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் நாள் முழுக்க வியாபாரம் ஓடாது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. பக்கத்துக் கடை பர்மாக்காரருக்கும் அதே நம்பிக்கைதான். போணி நேரத்தில் சொந்தச் சரக்கைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பொய் மட்டும் தங்குதடையில்லாமல் வந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான்மா. வேணும்னா படியில ஏறி எறங்கிப் பாரு."

சொல்லிக்கொண்டே குனிந்து, இரண்டு லீவரையும் நானே மேலே தூக்கிவிட்டேன். படிக்கு இப்படித்தான் இருக்கணும் என்றேன். பூட்டாத பூட்டு எப்படிக் கழலும்? இரண்டு மாடி ஏறி, சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள். சந்தேகம் வந்தால் கேளு என்று ஃபோன் நம்பர் வேறு கொடுத்தேன். அவள் தந்த நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அந்த ராசி மற்றதுக்கும் ஒட்டட்டும் என்று இந்த ஊர் வழக்கப்படி அதாலேயே கடையிலிருந்த ஷூக்களையெல்லாம் ஒரு தட்டுத் தட்டினேன். அன்றைக்கு வியாபாரம் நன்றாகவே நடந்தது. நினைத்தால் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து, மதியம் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஃபோனில் அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நல்ல பூட்ஸ ஒடச்சிட்டேன். ஏறப்போ ஜோரா இருந்திச்சு. எறங்கப்போ எடது கால் பூட்டு வுட்டுப்போச்சு, வுழுந்துட்டேன். நான் சரியாப் பூட்டலன்னு கூட்டாளி திட்றா. கால்ல மாவுக்கட்டு. வேலையில வச்சிப்பாங்களான்னு இந்த வாரந்தான் சொல்வாங்க."

தட்டைத் தள்ளி வைத்தேன். நீ சரியாகத்தான் பூட்டினாய், பூட்டுதான் தேய்ந்திருந்தது, எனக்கு முன்பே தெரியும். இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன். அனுப்புவதற்குள் இரண்டாவது செய்தி வந்துவிட்டது.

"எங்கம்மா லத்தா பக்கம் வந்தா செருப்பு வாங்க ஒங்க கடைக்கு வருவாங்க அண்ணே. கால் ஒடஞ்சது அவங்களுக்குத் தெரியாது. சொல்லிடாதீங்க. ஒங்கள நம்பித்தான் சொல்றேன்."

எழுதி வைத்திருந்ததை முழுக்க அழித்தேன்.

"சொல்ல மாட்டேன்மா" என்று அனுப்பினேன். உடனே பதிலுக்கு, கைகூப்பிய படம் ஒன்று வந்தது.