கலியனின் காதும் கடற்கரைச் சாலையும்

கலியனுக்கு ஐம்பத்தாறு வயது. ஊராட்சியில் தண்ணீர்த் தொட்டி ஆப்பரேட்டர். ஆப்பரேட்டர் என்றதும் பெரிய இயந்திரம் எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். காலையில் மோட்டார் போடுவார், தொட்டி நிரம்பினால் நிறுத்துவார், தெருவுக்குத் தெரு வால்வைத் திருப்பித் தண்ணீர் விடுவார். தண்ணீர் வருகிற நாளில் அவர் நினைவு யாருக்கும் வராது. வராத நாளில் அவர் பேர் ஊர் முழுக்கக் கேட்கும், கூடவே அவருடைய அப்பா பேரும் சேர்ந்து கேட்கும்.

மரக்காணத்துக்குத் தெற்கே, உப்பளங்களை ஒட்டிய ஊர் அது. வீடுகள் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்குப் பக்கம். அரசு நடுநிலைப் பள்ளி கிழக்குப் பக்கம். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் பறக்கிற வண்டிகளுக்கு நடுவில் இப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியாது. தலைமை ஆசிரியை ரேணுகா வேகத்தடை கேட்டு எழுதாத இடமில்லை. இந்த மாதிரிச் சாலையில் வேகத்தடை போட விதி இல்லை என்று ஒவ்வொரு முறையும் மரியாதையாகப் பதில் வந்தது.

ரேணுகா அத்தோடு விடுகிற ஆள் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராகக் கிராம சபைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். ஊராட்சித் தலைவர் பலராமன் கெட்டவர் இல்லை. தாளைப் பார்த்தால் மட்டும் அவருக்குத் தலைவலி வரும்.

"டீச்சர், ரோடு நம்மளது இல்ல. ஆனா ஆளு நம்ம ஆளு. கலியனைத் தர்றேன், காலையில அரை மணி, சாயங்காலம் அரை மணி. நின்னு புள்ளைங்கள தாட்டி விடட்டும்" என்றார்.

பள்ளிக்கூடம் ஒரு விசிலும் சிவப்புக் கொடியும் ஆரஞ்சு நிறச் சட்டையும் வாங்கித் தந்தது. காவல் நிலையத்திலிருந்து இரண்டு தடுப்புகள் வந்தன. அவற்றில் ஏதோ ஒரு ஜவுளிக்கடையின் மணப்பெண் வருகிற வண்டிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு சிக்கல். பிள்ளைகள் சாலையைக் கடக்கிற நேரமும் கீழத்தெருவுக்குத் தண்ணீர் விடுகிற நேரமும் ஒன்றாக இருந்தன. காலிக் குடத்தோடு பெண்கள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள். கடைசியில் தண்ணீர் கால் மணி முன்னால் வந்தது, பள்ளிக்கூட மணி பத்து நிமிடம் பின்னால் போனது. ஊராட்சியும் பள்ளியும் சேர்ந்து கடிகாரத்தைத் திருப்பியது அந்த வட்டாரத்தில் அதுதான் முதல் முறை என்று பலராமன் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டார்.

இப்படியே மூன்று வருடம். ஒரு பிள்ளைக்குக் கூடச் சிராய்ப்பு இல்லை. பிள்ளைகள் கலியனுக்கு 'விசில் சார்' என்று பேர் வைத்தார்கள். பதினான்கு வயதில் உப்பளத்தில் இறங்கிய நாளிலிருந்து அவரை எல்லாரும் கூப்பிட்டது "டேய் கலியா" என்றுதான். இப்போது காலையில் அறுபது பிள்ளைகள் வரிசையாக "வணக்கம் சார்" சொல்லிக்கொண்டு போனார்கள். அது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதில் மறைக்க என்ன இருக்கிறது? ஆரஞ்சுச் சட்டையை அவரே தேய்த்துப் போட்டுக்கொள்வார். "நம்ம கல்யாணத்துக்குக் கூட நீ இப்படிச் சட்டை தேய்க்கல" என்று மனைவி அருக்காணி கேலி செய்வாள்.

மறைக்க வேண்டியது வேறொன்று இருந்தது. கலியனுக்குத் தூரத்தில் இருப்பது எதுவும் தெரியாது.

இருபத்தாறு வருடம் உப்பு வாரியவர். எட்டு மணிக்கு மேல் வெயில் பாத்தியில் விழுந்தால் தரையே பளபளவென்று கண்ணைக் குத்தும். குனிந்த தலை நிமிராமல் அந்த வெள்ளையையே பார்த்துப் பார்த்துக் கண் நைந்துபோனது. அவர் கணக்கு அப்படி. டாக்டரிடம் காட்டினால்தானே உண்மைக் காரணம் தெரியும்? முதலில் தூரத்துப் பனைமரங்கள் மறைந்தன. பிறகு சாலையின் வளைவு. போன வருடத்திலிருந்து, முப்பது அடிக்கு அப்பால் எல்லாமே கஞ்சித் தண்ணீரில் முக்கி எடுத்தது போல ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை நடந்த அன்று பெஞ்சு தூக்கிப் போட்டதும் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்ததும் கலியன்தான். டாக்டரம்மா "பெரியவரே, நீங்களும் உக்காருங்க" என்றபோது, மோட்டார் ஓடுகிறது என்று சொல்லி நழுவிவிட்டார்.

பின் எப்படிச் சமாளித்தார்? காதால்தான். உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாத்திகளுக்கு நடுவில் வரப்பு ஓர் ஆள் அகலம்தான் இருக்கும். தலையில் உப்புக் கூடையோடு வருகிறவரால் குனிந்து பார்க்கவும் முடியாது, திரும்பி ஒதுங்கவும் முடியாது. அதனால் சும்மா நடக்கிறவர்தான் காதைத் தீட்டி வைத்துக்கொள்ள வேண்டும். சுமையோடு வருகிற காலடி ஒரு மாதிரி அழுந்திக் கேட்கும், வெறுங்காலடி வேறு மாதிரி. சுமைக் காலடி கேட்டால் திரும்பிக்கூடப் பார்க்காமல் வரப்பை விட்டு இறங்கிவிட வேண்டும். கலியன் அதைத்தான் சாலைக்குக் கொண்டுவந்தார். லோடு ஏற்றிய உப்பு லாரியின் முனகல், காலி லாரியின் சங்கிலி ஆட்டம், புதுச்சேரி பஸ், ஷேர் ஆட்டோ எல்லாம் அவர் காதுக்கு அத்துப்படி. ஆளைக் கொல்லக்கூடிய எதுவும் சத்தம் போடாமல் வராது என்று அவர் நம்பினார். உப்பளத்தில் வளர்ந்த யாரும் அப்படித்தான் நம்பியிருப்பார்கள்.

மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. காற்றே இல்லை. வடக்கிலிருந்து வந்த உப்பு லாரியைக் கொடி காட்டி நிறுத்தினார். கொடியை இறக்கிவிட்டுத் தெற்கே முகத்தைத் திருப்பிக் காது கொடுத்தார். ஒரு சத்தமும் இல்லை. விசில் ஊதினார்.

நான்காம் வகுப்பு ஜான்சி முதல் ஆளாகக் கால் வைத்தாள். தெற்கே சாலையோரம் உப்பு வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடந்தது. அந்த வெள்ளையிலிருந்து ஒரு வெள்ளைக் கார் பிரிந்து வந்தது. பேட்டரி கார். டயர் தேய்கிற கிறீச் சத்தம்தான் கலியன் கேட்ட முதல் சத்தம். அதற்குள் கார் ஜான்சியின் பையில் இடித்து நின்றிருந்தது. பிள்ளை குப்புற விழுந்தாள். தண்ணீர் பாட்டில் உருண்டு போய் லாரிக்கு அடியில் நின்றது.

முட்டியில் தோல் உரிந்ததைத் தவிர ஜான்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஊர் சும்மா இருக்குமா? காரை ஓட்டி வந்த பையனைக் கீழே இறக்கினார்கள். பேர் சரத்குமார், குயிலாப்பாளையத்தில் ஒரு விடுதிக்காக வண்டி ஓட்டுகிறவன். சாவியை ஒருவர் பிடுங்கினார், செல்போனை இன்னொருவர் பிடுங்கினார்.

"கண்ணு தெரியலயாடா உனக்கு? அவ்ளோ பெரிய ஆளு கொடியோட நிக்குறாரு" என்று ஒருவர் கேட்டார்.

"அவரு என்னை நேரா பாத்தாருங்க. பாத்துட்டுக் கொடியை இறக்கித்தான் வச்சிருந்தாரு. போகச் சொல்றாருன்னு நெனச்சு வந்தேங்க" என்றான் அவன்.

யாரும் நம்பவில்லை. மூன்று வருடமாகச் சிராய்ப்பு இல்லாமல் பார்த்துக்கொண்ட கலியனா, வெளியூர்க்காரப் பையனா? பையன் சொன்னது ஒரு சொல் மாறாமல் உண்மை என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவர் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

சரத்குமாரைப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் உட்கார வைத்தார்கள். காவல் நிலையத்திலிருந்து மத்தியானம் ஆள் வரும் என்றார்கள். தலைமை ஆசிரியை அறையில் பலராமன் தலையைப் பிடித்துக்கொண்டு புகார் எழுதிக்கொண்டிருந்தார். போன் பார்த்துக்கொண்டே ஓட்டினான் என்று ஒரு வரி. அதை யாரும் பார்க்கவில்லை, ஆனால் எழுதினால் எடுபடும்.

கலியன் மோட்டார் அறைக்குப் போய் உட்கார்ந்தார். சொன்னால் சட்டையும் விசிலும் போகும். ஊரில் தலை காட்ட முடியாது. தொட்டி வேலையே போனாலும் போகும். சொல்லாவிட்டால் ஒன்றும் போகாது. அந்தப் பையன் மட்டும் போவான். அப்படித்தான் முதலில் நினைத்தார். மணி பதினொன்றரை ஆனபோதுதான் இன்னொன்று உறைத்தது. சாயங்காலம் நாலரை மணிக்குப் பிள்ளைகள் திரும்பி வருவார்கள். வாசலில் வந்து நின்று, அவர் விசிலுக்காகக் காத்திருப்பார்கள். ஊதினால் கால் வைத்துவிடுவார்கள்.

எழுந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்.

பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றிருந்தார்கள். சாம்பார் வாசனை அறைக்குள்ளும் வந்தது. கலியன் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்தார். அதன்மேல் விசிலை வைத்தார்.

"அந்தப் பையன் மேல தப்பு இல்லீங்க. எனக்குக் கண்ணு தெரியாதுங்க."

பலராமனின் பேனா நின்றது. "என்னாபா சொல்ற?"

"தூரம் தெரியாதுங்க. கார் வந்தது எனக்குத் தெரியல. சத்தம் கேட்டாத்தான் எனக்கு வண்டி."

"எவ்ளோ நாளா?"

"மங்கலு ரெண்டு மூணு வருஷமா. ஒரு வருஷமா சுத்தமா கெடயாதுங்க."

"ஒரு வருஷமா," என்று பலராமன் எழுந்தே விட்டார். "ஒரு வருஷமா எங்க புள்ளைங்கள வெறும் காதை நம்பி ரோட்ல விட்டிருக்கியே, உனக்கு மனசாட்சி இருக்குதா? ஏன்யா சொல்லல?"

கலியன் உள்ளதைச் சொன்னார். "சார்னு கூப்புடுறாங்க. அதை விட மனசு வரலீங்க."

ரேணுகா விசிலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வைத்தார். அவருக்கும் கோபம்தான், யார் மேல் என்று தெரியாத கோபம்.

"தலைவரே, கத்தி என்ன ஆகப்போகுது? வருஷா வருஷம் புள்ளைங்க கண்ணை டெஸ்ட் பண்ண வெக்கிறோம். நடுரோட்ல நிக்குற ஆளோட கண்ணை யாரு பாத்தோம்? அவரு உங்க ஆளுன்னு நான் இருந்துட்டேன். பள்ளிக்கூட வேலைதானேன்னு நீங்க இருந்துட்டீங்க."

பலராமன் மெதுவாக உட்கார்ந்தார். எழுதிய தாளை நான்காகக் கிழித்தார். வேறொரு தாள் எடுத்தார். ரேணுகா சொல்லச் சொல்ல எழுதினார். சாலையின் இரண்டு பக்கமும் ஓராள், ஊராட்சி சார்பில் ஒருவர், பள்ளி சார்பில் ஒருவர். நிற்கிறவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கண்ணும் காதும் பரிசோதனை. இரண்டு பக்கமும் வண்டி நின்ற பிறகுதான் விசில். இன்று சாயங்காலத்திலிருந்தே தூய்மைக் காவலர் அம்சவள்ளி ஒரு பக்கம், உடற்கல்வி ஆசிரியர் மறுபக்கம். கலியனை வெள்ளிக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்கு ஊராட்சியே கூட்டிப்போக வேண்டும் என்று கடைசி வரியாகச் சேர்க்கச் சொன்னார் ரேணுகா. பலராமன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் எழுதினார், ஆனாலும் எழுதினார்.

வராந்தாவில் சரத்குமாரிடம் சாவியும் போனும் திரும்பி வந்தன. கலியன் அவன் முன்னால் போய் நின்றார். கையைக் கூப்பினார். அவன்தான் பேசினான்.

"நானும் ஹாரன் அடிச்சிருக்கணுங்க. புள்ளைக்கு ஒண்ணும் ஆகலல்ல?"

"ஆகலப்பா" என்றார் கலியன். அதைச் சொல்லும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்றுகூடத் துடைத்துக்கொள்ளவில்லை.

விஷயம் ஒரு மணி நேரத்தில் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. அன்று சாயங்காலம் குழாயடியில் பேச்சு வேறெதுவும் இல்லை. ஜான்சியின் அம்மா சங்கீதா, கலியன் வால்வு திறக்கப் போனபோது குடத்தை எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அவள் செய்ததில் தப்பு ஏது? வீட்டில் அருக்காணி, "என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். சோற்றைப் போட்டு, குழம்புக் கிண்ணம் எங்கே இருக்கிறது என்று அவர் கையைப் பிடித்துக் காட்டினாள். அது தெரிகிற தூரம்தான். ஆனாலும் கலியன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தண்ணீர் விட்டு முடித்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஊராட்சி ஆள் காத்திருந்த பஸ் நிறுத்தத்துக்குக் கலியன் சாலையைக் கடந்து கிழக்குப் பக்கம் போக வேண்டியிருந்தது. வெறும் சட்டையோடு வந்து பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றார். நடுவில் எங்கோ ஆரஞ்சாக ஒன்று அசைந்தது. அம்சவள்ளியாக இருக்க வேண்டும். லாரி ஒன்று முனகி நிற்கிற சத்தம் கேட்டது. தெற்கே அமைதி. கால் தானாக முன்னால் போகப் பார்த்தது. பிடித்து வைத்துக்கொண்டார்.

பக்கத்தில் முட்டியில் பிளாஸ்திரி ஒட்டிய ஒரு சின்ன உருவம் நின்றது. அவ்வளவு கிட்டத்தில் இருந்ததால் ஜான்சி என்று தெரிந்தது. கலியன் குனிந்தார். பிள்ளைகள் எல்லாருக்கும் கேட்கிற குரலில்தான் கேட்டார்.

"எனக்குத் தெரியல பாப்பா. அந்தக்கா கை காட்டிட்டாங்களா, பாத்துச் சொல்லும்மா."

ஜான்சி வடக்கே பார்த்தாள். தெற்கே பார்த்தாள். அவசரப்படாமல் மறுபடியும் ஒரு தடவை வடக்கே பார்த்தாள். பிறகு அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் இல்ல. நில்லுங்க."

கலியன் நின்றார்.