வைதேகிக்குப் பறக்காத தட்டு

1. மைக் வந்த நாள்

பள்ளி ட்ராப் டீமுக்கு நான் கோச். மெஷினிலிருந்து பறக்கும் களிமண் தட்டை ஷாட்கன்னால் சுட்டு உடைப்பதுதான் ட்ராப். சுடுகிறவர் இங்கிலீஷில் "புல்" என்று கூப்பிட்டதும் ஒருவர் பட்டனை அழுத்துவார், தட்டு பறக்கும். துவாக்குடிப் பக்கத்து ரேஞ்சில் அந்த வேலையைப் பார்த்தவள் டீம் பெண் நஸ்ரின். மாநில டீம் செலக்‌ஷன் நெருங்கும்போது பட்டனை எடுத்துவிட்டு மைக் வைத்தார்கள். குரல் கேட்டால் தட்டு தானாக வரும்.

வைதேகி துப்பாக்கியைத் தோளில் வைத்தாள். வாய் அசைந்தது. தட்டு வரவில்லை.

"மெஷின் ரிப்பேரா?" என்று கத்தினேன்.

"இல்ல மேடம். அவ குரல் எனக்கே கேக்காது. வாய் அசைஞ்சா அழுத்திடுவேன்" என்றாள் நஸ்ரின்.

எனக்கு வந்ததே கோபம்! "அடிப்பாவி, இத்தன மாசமாவா?"

டீமிலேயே நன்றாகச் சுடுகிறவள் வைதேகி. ஆனால் ஸ்ரீரங்கத்தில் அவள் வீட்டில் பெண்பிள்ளை குரல் வாசலைத் தாண்டக் கூடாது. செலக்‌ஷனிலும் மைக்தான். கத்தாவிட்டால் மாநில டீமில் இடமில்லை.

புல் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பதில்லை, எந்தச் சத்தமும் போதும் என்றேன்.

"வீட்டுல யாரையாச்சும் கத்திக் கூப்பிட்டிருக்கியாடி?" என்றாள் நஸ்ரின்.

"தம்பியத்தான். அப்பா இல்லாதப்போ."

"அவனையே கூப்பிடு."

"டேய் கண்ணா!"

மைக் என்ன, மரத்துக் காக்காய்க்கே கேட்டிருக்கும். தட்டு பறந்தது, பொடியானது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

2. கடைசித் தட்டு

செலக்‌ஷனன்று வைதேகிக்கு எல்லாம் நன்றாகவே போனது. கடைசித் தட்டையும் உடைத்தால் இடம் உறுதி. தோட்டா போடும் முன் திரும்பிப் பார்த்தவள், என் பக்கத்தில் தன் அப்பா வந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டாள்.

வாய் மட்டும் அசைந்தது. தட்டு வரவில்லை. மறுபடியும் வரவில்லை.

"என்ன ஆச்சு மேடம்?" என்றார் அவள் அப்பா.

"நீங்க வந்துட்டீங்க. அதான் குரல் வரல" என்று கடுப்பில் சொல்லிவிட்டேன்.

மனிதர் முகம் சுருங்கிவிட்டது. சட்டென்று எழுந்தார்.

"வைதேகி! நன்னா கத்தும்மா! நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்!"

"சார், பேசாதீங்க! உக்காருங்க!" என்று அதட்டினார் நடுவர்.

"டேய் கண்ணா!"

தட்டு தூள் தூளானது. அப்பா அழுதுகொண்டே கைதட்டினார். அந்தப் பெண்ணை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன், வேறென்ன செய்ய!

இப்போதெல்லாம் புதிதாகப் பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோரிடம் கண்பார்வையைப் பற்றி அப்புறம்தான் கேட்கிறேன். முதலில், வீட்டில் கத்த விடுவீர்களா என்று கேட்டுவிடுகிறேன்.