தங்கம்மாளுக்காக நான் எழுதிய பதில்

எழுபதுகளில் திருப்பூர் பனியன் தொழிலாளர்களைப் பற்றி டாக்டர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். பனியன் கம்பெனியில் பிசிறு நூல் வெட்டும் தங்கம்மாளிடம், ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் ராயபுரத்தில் இருந்த அவர் வீட்டுக்கு வந்து பேட்டி எடுப்பதாகச் சொல்லியிருந்தேன். போகவில்லை. ஆய்வேட்டை ஒப்படைக்க நாலே நாள்தான் இருந்தது. விரிவுரையாளர் வேலையும் அதை நம்பித்தான் இருந்தது. ‘உங்கள் பெரிய கவலை என்ன?’ என்ற கேள்விக்கு, அவர் சொன்னதுபோல ‘கூலி போதவில்லை’ என்று நானே எழுதிக்கொண்டேன்.

பட்டமும் வேலையும் கிடைத்தபின் ஒருநாள் காதர்பேட்டையில் அவரைப் பார்த்தேன்.

“ஏனுங்க சார், அன்னைக்கு நீங்க வருவீங்கன்னு பொழுதுக்கும் ஊட்டுலயே இருந்தனுங்க. என்ற கவலையக் கேக்க வேற யாருங்க வர்றாங்க?” என்று சிரித்தார்.

அப்போதாவது கேட்டிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நகர்ந்துவிட்டேன்.

இப்போது வீட்டில் நான் மட்டும்தான். நேரம் கொட்டிக் கிடக்கிறது. தங்கம்மாளின் கவலை என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.