கழுவிய கண்ணாடி

நேற்று எங்கள் கல்யாணப் படத்தைத் துடைக்க இறக்கினேன். சட்டம் உளுத்திருந்தது. கண்ணாடியைத் தனியே எடுத்தபோது, இதுவரை சட்டம் மறைத்திருந்த ஓரத்தில் நகத்தளவு கறுப்பு. வெளிச்சத்தில் பிடித்தால் யாருடைய தோளோ. வெள்ளைச் சட்டையாக இருக்க வேண்டும்; நெகட்டிவில் வெள்ளைதான் கறுப்பாக விழும். அவசரமாகத் திரும்ப மாட்டிவிட்டேன். பயந்தால் எனக்குக் கை வேகமாகிவிடும்.

என் வீட்டுக்காரர் கறம்பக்குடிச் சந்தையில் திரை கட்டிப் படம் எடுக்க ஆரம்பித்தவர். நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது புதுக்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருந்தார். அப்போது படம் கண்ணாடித் தகட்டில்தான் விழும். ஆள் படத்தை வாங்கிப் போனபின் தகட்டைச் சில மாதம் வைத்திருப்பார். அப்புறம் அது என் பாடு. சலவைச் சோடா போட்ட வெந்நீர்த் தொட்டியில் ஊறினால் முகம் பாலாடை மாதிரி கழன்று வரும். மிஞ்சிய கண்ணாடி வேறு யார் படத்துக்காவது சட்டத்துக்குள் போகும்; எங்கள் கல்யாணப் படத்துக்கும் அப்படிப் போனதுதான். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கடைக்கு வருகிறவர்களிடம் பேச வேண்டாம் பாருங்கள்.

ஒரு மார்கழியில் கட்டுமாவடியிலிருந்து ஒரு பெண் வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, கூடவே கொழுந்தன். புயலில் புருஷன் கடலோடு போய்விட்டான். வீட்டிலிருந்த அவன் படமும் வெள்ளத்தில் போயிற்று.

"போன மாசியில இங்கதான் எடுத்தோமுங்க. அதுல இன்னொண்ணு போட்டுக் குடுங்க."

இவர் என்னைப் பார்த்தார். நான் தொட்டியைப் பார்த்தேன்.

"அதக் கழுவியாச்சேம்மா."

"கழுவுனா மொகமும் போயிருமாய்யா?"

இவர் கொழுந்தனின் முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு அவனிடம், "அண்ணன் சாடை இருக்கு. இங்கிட்டு ஒக்காருப்பா" என்றார். அவனைப் படம் எடுத்து, தகட்டில் கத்தி முனையால் சுரண்டி மீசையைத் தடிப்பாக்கினார். அவள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள். "புருவம் இன்னும் கொஞ்சம் கூட்டுங்க."

"எனக்கு நானே மாலை போடணும்போல, மதினி" என்றான் கொழுந்தன். அவள் சிரித்துவிட்டாள். அப்புறம்தான் அழுதாள்.

படம் உலர்ந்ததும் கையில் வைத்துப் பார்த்தாள்.

"இது அவுக இல்லங்க." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "இருக்கட்டும். புள்ளைக்கு அப்பான்னு காட்ட ஒரு மொகம் வேணும்ல."

அதற்குப் பிறகு இவர் ஒரு தகட்டையும் கழுவத் தரவில்லை. பரணில் அடுக்கினார். பிலிம் வந்தது. இவரும் போனார். ஸ்டுடியோ இருந்த இடத்தில் செருப்புக்கடை.

அந்தப் பிள்ளைக்கு இப்போது கல்யாண வயது. கும்பிடுகிற படத்தில் இருப்பது சித்தப்பா முகம். அப்பாவின் முகத்தை நான்தான் கொல்லையில் வாழைக்கு ஊற்றினேன்.