உயிரோடு இருப்பவரின் கண்ணீர் அஞ்சலி

எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில், கலையரசன் இறந்துவிட்டதாகக் காட்டும் பேனர் ஒன்று ஏறக்குறைய ஒரு வருடம் தொங்கியது. அவர் தினமும் அதன் கீழே நின்றுதான் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏறினார். விஷயம் தெரியாத வெளியூர்க்காரர்கள் பேனரையும் பார்ப்பார்கள், அவரையும் பார்ப்பார்கள், பிறகு கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வார்கள்.

உண்மையில் இறந்தவர் அவருடைய அண்ணன் வேடியப்பன்.

இருவரும் எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள். வடக்கனந்தலுக்கு மேற்கே, மலை தொடங்கும் இடத்தில் எங்கள் ஊர். சொந்தமாக நிலம் கிடையாது. சீசன் வந்தால் எங்கள் தெருவே ஒரே கும்பலாகக் கரும்பு வெட்டப் போகும். ராஜாங்கம் மேஸ்திரி. வேடியப்பனும் கலையரசனும் லோடு ஏற்றுவார்கள், அவர்களுடைய அம்மா தைலம்மாள் வெட்டிய கரும்பைக் கட்டாகக் கட்டுவார். வேதியியல் படித்து முடித்து, தேர்வுக்கு மேல் தேர்வு எழுதிக்கொண்டு வீட்டில் இருந்த நானும் என் அம்மாவோடு போவேன். பட்டம் வாங்கியவள் கரும்பின் காய்ந்த சோகையை உரிக்கிறாள் என்று முதலில் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது, அவர்களுக்கும் எனக்கும்.

டிராக்டர் பெட்டியின் மேல் ஒருவர் நிற்க வேண்டும். கீழிருந்து தலையில் சுமந்து வரும் கட்டுகளை வாங்கி அடுக்க வேண்டும். லோடு உயர உயர அவரும் உயர்ந்துகொண்டே போவார். அண்ணனும் தம்பியும் நாள் மாற்றி நாள் ஏறுவார்கள். வேடியப்பன் இறந்த அன்றைக்குக் கலையரசனின் முறை. ஆனால் முந்தின நாள் வெட்டிய கரும்பின் தூர் அவர் பாதத்தில் ஏறியிருந்தது. நொண்டிக்கொண்டே பலகையில் கால் வைத்தவரைத் தைலம்மாள்தான் தடுத்தார்.

"சின்னவனுக்குக் கால் புண்ணா கீது. பெரியவனே, நீ மேல போடா."

இதை நாங்கள் எல்லோரும் கேட்டோம். வேடியப்பன் தம்பியின் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். "உனுக்கு மட்டும் எப்படிடா உன் முறை வர்ற அன்னிக்கே புண்ணு வருது?"

வரப்பு ஓரம் மின்கம்பி தாழ்ந்து தொங்கியது. அது தாழ்ந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். காலையில் மழை தூறி, கரும்பெல்லாம் ஈரம். கடைசி வரிசையை அடுக்கிவிட்டு வேடியப்பன் இடுப்பை நிமிர்த்தினார். அவ்வளவுதான். மின்சாரத்தை நிறுத்தும்வரை அவரை இறக்க யாரும் ஏறவில்லை. கலையரசன் ஏறப் போனார். ராஜாங்கமும் இன்னும் நாலு பேரும் அவரைத் தரையில் போட்டு அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். தைலம்மாள் கையில் கட்டுவதற்காக எடுத்த சோகை அப்படியே இருந்தது.

மறுநாள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் உடலைக் கொடுப்பதற்குள் ஊர்ப் பையன்கள் பேனருக்குச் சொல்லிவிட்டார்கள். போன ஆடித் திருவிழாவில் அண்ணனும் தம்பியும் ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த படம் இருந்தது. அதைக் கடைக்கு அனுப்பி, "இடது பக்கம் நிக்கறவர்" என்று எழுதினார்கள். நிற்பவர்களுடைய இடது என்பது பையன்களின் கணக்கு. பார்ப்பவருடைய இடது என்று கடைக்காரர் எடுத்துக்கொண்டார். முகத்தை வெளுப்பாக்கி, மாலை போட்டு, பின்னால் மேகம் வைத்து அச்சடித்துக் கொடுத்துவிட்டார். ஏற்கெனவே ஒரே சாடையில் இருப்பவர்கள். விடிவதற்குள் அவசரமாகக் கட்டிய பையன்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கண்டுபிடித்தவர் உடலை ஏற்றி வந்த வேனின் டிரைவர். வெளியூர்க்காரர். நிறுத்தத்தில் வண்டியைத் திருப்பும்போது மேலே பார்த்தார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த கலையரசனைப் பார்த்தார்.

"இன்னாங்க, அது உங்க படமா?"

மேலே கலையரசன். 'மீளாத் துயரில் ஆழ்த்திச் சென்ற வேடியப்பன்' என்று பெயர். கீழே, துக்கத்தில் கலந்துகொள்வோர் வரிசையில், ஸ்டாம்பு அளவுப் படங்களில் முதலாவதாக மறுபடியும் கலையரசன். செத்தவரும் அவர், அழுகிறவரும் அவர். வேடியப்பன் அதில் எங்குமே இல்லை.

பையன்கள் பதறிப்போய் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வேறு அடித்துக் கட்டிவிடலாம் என்றார்கள். அப்போதுதான் வேனின் பின்னால் மகனின் உடலோடு உட்கார்ந்திருந்த தைலம்மாள் இறங்கி வந்தார். அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை என்று நினைத்து ராஜாங்கம் விளக்கினார்.

"படம் மாறிடுச்சு தைலம்மா. இது சின்னவன்."

"எனுக்குத் தெரியாதா, நான் பெத்தது."

"அதான், அவுத்துடச் சொல்லிக்கினு கீறன்."

"அவுக்காதீங்க." அவர் கலையரசனைப் பார்க்காமல்தான் சொன்னார். "அதப் பாத்துக்கினு இருந்தா, இவன் செத்துப் பூட்டு அவன் இருக்கற மாதிரி கீது. இருக்கட்டும்."

அந்த இடத்தில் அவ்வளவு பேர் இருந்தோம். எல்லோரும் கலையரசனைப் பார்த்தோம். ஏணியைப் பிடித்திருந்த பையன் இறக்கவும் முடியாமல் ஏறவும் முடியாமல் நின்றான். கடைசியில் கலையரசன்தான் பேசினார்.

"வுடுங்கடா. அம்மா சொல்லுது இல்ல."

வேடியப்பனுக்கு மகன் இல்லை, சின்னப் பெண் குழந்தை ஒன்றுதான். அதனால் கொள்ளிச் சட்டியைத் தம்பி தூக்கினார். ஊர்வலம் நிறுத்தத்தைத் தாண்டித்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். தன் படத்தின் கீழே, புண் காலோடு, நெருப்பைத் தூக்கிக்கொண்டு அவர் நடந்தார். கருமாதி முடிந்ததும் வேடியப்பனின் மனைவி அம்சவள்ளி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தியாகதுருகத்தில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போய்விட்டார். வீட்டில் அம்மாவும் சின்ன மகனும் மிஞ்சினார்கள்.

அதற்குப் பிறகு தைலம்மாள் அவரைக் கூப்பிடவில்லை. முன்பு தெருக்கோடிவரை கேட்கும்படி "சின்னவனே" என்று கத்துவார். இப்போது சோறு போட்டு வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து, "சோறு கீது" என்பார். அவ்வளவுதான். திட்டக்கூட இல்லை. கலையரசன் எதற்கும் ஆசைப்பட்டவராக எனக்குத் தெரியவில்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் ஏங்கினார். அம்மா தன்னைக் கூப்பிட வேண்டும். வாசலில் வேண்டுமென்றே செருப்பைத் தேய்த்துச் சத்தம் செய்வார். உள்ளே இருந்து குரல் வராது.

ஊர் வேறு மாதிரிப் பேசியது. டீக்கடையில் அவர் தலை தெரிந்தாலே யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்.

"யோவ், செத்தவரு வந்துக்கினு கீறாரு. சக்கர கம்மியா போடு, மேல போயி கணக்கு சொல்லணும்."

"எமன்தான்யா ஆள மாத்தினு பூட்டான். பேனர்காரன் கரெக்டாதான் போட்டுக்கீறான்."

இதற்கு எல்லோரும் சிரித்தார்கள். கலையரசனும் சிரித்தார். இதில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று நான் யோசித்திருக்கிறேன். அந்தக் கம்பி எல்லோர் தலைக்கும் மேலேதான் தொங்கியது. சிரிக்காமல் நாளைக்கு அதே வயலுக்கு எப்படிப் போவது? ஒருவேளை அப்படி இருக்கலாம். ஒருவேளை நாங்கள் வெறும் கொடுமைக்காரர்களாகவும் இருக்கலாம்.

ஆனால் அவர் மாறிக்கொண்டிருந்தார். கால் ஆறி வேலைக்கு வந்த பிறகு, காலையில் பேனரைத் தாண்டும்போது அண்ணாந்து, "இன்னாடா, இன்னும் தொங்கிக்கினுதான் கீறியா?" என்று கேட்டுவிட்டுப் போவார். மத்தியானச் சாப்பாட்டை முன்பு மாதிரி அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவதில்லை. ஊறுகாயைக்கூட ருசித்துத் தின்பார். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வராத நாட்களில் மற்றவர்கள் படுத்துக் கிடப்பார்கள். அவர் படுக்க மாட்டார். யாருடைய வீட்டுக் கூரையையாவது பிரித்து வேய்வார், வாய்க்காலில் மீன் பிடிப்பார், குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சைக்கிளில் கோமுகி அணைக்குப் போவார்.

ஒருநாள் மலைக்குப் போய் வந்தார். பிறந்ததிலிருந்து நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் மலைதான். அதன் மேல் அருவி இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பாதிப் பேர் போனதில்லை. அண்ணனும் தம்பியும் ஒவ்வொரு சீசன் முடிவிலும் "அடுத்த மாசம் போலாண்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர்கள். அவர் தனியாகப் போய்க் குளித்துவிட்டு, வெள்ளிமலையில் ஒரு பலாப்பழம் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சுளை எடுத்துத் தட்டில் போட்டு அம்மா முன்னால் வைத்தார். தைலம்மாள் தொடவில்லை. மறுநாள் எறும்பு மொய்த்திருந்தது. அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்கு வந்தார்.

அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்திருந்தபோது நான் கேட்டேன்.

"அண்ணா, அருவி நல்லா இருந்துச்சா? சந்தோசமா இருந்தீங்களா?"

"சந்தோசம் இன்னா சந்தோசம். தண்ணி பச்சத் தண்ணிதான்." பிறகு அவரே சொன்னார். "இது என் நாளு இல்லம்மா. எங்கண்ணன் நாளு. பக்கத்து வூட்டுப் பால வாங்கி வச்சிக்கினு கீற மாதிரி. கெட்டுப் போவக் கூடாது இல்ல?"

ஒவ்வொரு நாளையும் மதித்து வாழ வேண்டும் என்று நான் பள்ளியில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறேன். அப்படி வாழும் ஒருவரை முதன்முதலாக அருகில் பார்த்தேன். அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. வேறொருவருடைய பாலைக் காய்ச்சிக் காய்ச்சி வைத்துக்கொண்டு, ஒரு வாய்கூடக் குடிக்காதவர் மாதிரி இருந்தார். என் நாட்களையோ நான் 'அடுத்த தேர்வு வரட்டும்' என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டில் எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

அடுத்த சீசன் வந்தது. பேனரில் வெயில் பட்டுச் சிவப்பெல்லாம் போய், முகம் நீலமாகிவிட்டது. அது யார் என்று சொல்லத் தெரியாத அளவுக்கு வெளுத்திருந்தது. ஆடிக் காற்றில் ஒரு பக்கம் கிழிந்தும் தொங்கியது. யாரும் தொடவில்லை.

முதல் நாள் வெட்டு ஏரிக்கரைக்குக் கீழே ஒரு வயலில். டிராக்டர் வந்து நின்றதும் ராஜாங்கம் கேட்டார். "மேல யார்டா?"

ஆளாளுக்குக் கத்தியைத் தீட்டுவது போலக் குனிந்துகொண்டார்கள். போன வருடம் வேடியப்பன் இறந்த பிறகு ராஜாங்கமே மேலே நின்று ஒப்பேற்றியிருந்தார். இப்போது அவருக்கு முட்டி வலி. கலையரசன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையில் ஏறினார்.

"ஏற்கெனவே செத்தவன்தான், எனுக்கு இன்னா? கட்டத் தூக்கிக் குடுங்கடா."

தைலம்மாள் கீழே கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. ஒரு வரிசை, அடுத்த வரிசை என்று லோடு உயர்ந்தது. தைலம்மாளின் கைகள் மெதுவாகிக்கொண்டே வந்ததை என் அம்மா எனக்குக் கண்ணால் காட்டினார். கடைசியில் அவர் கட்டுவதையே நிறுத்திவிட்டார். மேலே கலையரசன் வியர்வையைத் துடைக்க நிமிர்ந்தார்.

"டேய் வேடியப்பா! குனிஞ்சி நில்லுடா!"

தைலம்மாளிடமிருந்து அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வயலே நின்றுவிட்டது. டிராக்டர்காரர் வானத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மேலே கம்பி எதுவும் இல்லை. அந்த வயலைச் சுற்றி எங்குமே கம்பி கிடையாது.

ராஜாங்கம் மெதுவாகப் பக்கத்தில் போனார். "தைலம்மா, அவன் சின்ன..."

"மேஸ்திரி, நீ சும்மா இரு," என்று மேலிருந்து சத்தம் வந்தது. பிறகு வேறு குரலில், "இன்னாம்மா?"

"குனிஞ்சி நில்லுன்றன். காது கேக்கல?"

"குனிஞ்சிக்கினன்மா."

அவர் உண்மையாகவே குனிந்தார். இடுப்பை வளைத்து, தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, இல்லாத கம்பிக்குக் கீழே நின்று மிச்ச லோடு முழுவதையும் அடுக்கினார். தைலம்மாள் ஒரு கட்டுக்கு ஒருமுறை மேலே பார்த்துக்கொண்டார். கலையரசன் நிமிரவே இல்லை.

வண்டி போன பிறகு அவர் வரப்பில் மல்லாந்து படுத்து முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட்கலாமா கூடாதா என்று தெரியாமலே கேட்டுவிட்டேன்.

"பேரு மாத்திக் கூப்ட்டாங்களே அண்ணா. நீங்க ஒண்ணும் சொல்லலையே."

"கூப்ட்டுச்சு இல்ல?" என்றார். செம்பை வாயில் படாமல் தூக்கிக் குடித்து முடித்தார். "நாளைக்கும் கூப்டும். நாளைக்கும் குனியணும். இடுப்பு தாங்குமான்னுதான் தெரியல."